கணவர் திருடர் என்பது மனைவிக்குத் தெரியாமல் இருக்குமா?

நீங்கள் எழுதியதை ஒருமுறை திருப்பிச் சொல்கிறேன், சரியாகப் புரிந்துகொண்டேனா என்று பாருங்கள். தாம்பரத்தைத் தாண்டி ஒரு நகர். எதிர்வீட்டில் 6 வருடமாக வாடகைக்கு இருக்கும் குடும்பம். அவர் ஏ.சி. மெக்கானிக் என்றுதான் எல்லோருக்கும் தெரியும். தெருவிளக்கு எரியவில்லை என்றால் நகராட்சிக்கு முதலில் போன் போடுகிறவர். உங்கள் மாமியாருக்கு மூச்சுத்திணறல் வந்த இரவில் தன் காரில் ஏற்றிக்கொண்டு ஓடியவர். போன மாதம் போலீஸ் வந்து அவரைக் கூட்டிப்போனது. பூட்டியிருந்த வீடுகளை உடைத்துத் திருடியதாக 11 வழக்கு. மனைவியும், கணவரின் தாயாரும், பத்தாவது படிக்கும் பெண்ணும் இன்னும் அந்த வீட்டில்தான் இருக்கிறார்கள். "அவளுக்குத் தெரியாமலா இருக்கும்?" என்கிறது தெரு. "எனக்குத் தெரியாதுக்கா" என்று உங்களிடம் அழுகிறார் அவர். குடியிருப்போர் சங்கம் வீட்டு உரிமையாளரிடம் பேசி அவர்களைக் காலி செய்ய வைக்கப் பார்க்கிறது. தெரியாமல் இருக்க முடியுமா, சட்டம் என்ன சொல்கிறது என்று கேட்டிருக்கிறீர்கள். ஆனால் நீங்கள் உண்மையில் கேட்க வந்தது இன்னொரு வரியில் இருக்கிறது: 'என் அடுப்படி வரை வந்து போனவள் இத்தனை வருடம் என்னிடம் நடித்தாளா?'

நான் 27 வருடமாகக் கிரிமினல் பக்கம் வக்கீலாக இருக்கிறேன். பெரும்பாலும் புறநகர் மாஜிஸ்திரேட் கோர்ட்டுகள்தான். திருட்டு வழக்கில் மாட்டியவர்களுக்காக ஆஜரானது அதிகம். நகையைப் பறிகொடுத்தவர்களுக்கு அதை மீட்டுத்தர மனு போட்டதும் உண்டு. மனநல மருத்துவம் நான் படித்ததில்லை. உங்கள் எதிர்வீட்டு வழக்கின் கேஸ் கட்டையும் பார்த்ததில்லை. அதனால் அந்த அம்மாவைப் பற்றித் தீர்ப்பு சொல்ல என்னால் முடியாது. இப்படிப்பட்ட வீடுகளுக்குள் என்ன நடக்கும் என்பதை மட்டும் சொல்ல முடியும். அதிலும் என் கட்சிக்காரர்களின் கதையை முழுதாகச் சொல்ல எனக்கு உரிமை கிடையாது. கட்சிக்காரர் வக்கீலிடம் சொன்னது, வழக்கு முடிந்த பிறகும் வெளியே போகக் கூடாது. பாரதிய சாக்ஷிய அதினியம் 132-வது பிரிவு அதைத்தான் சொல்கிறது. ஆகவே முதலில் எல்லாமே பொது ஆவணத்தில் இருக்கிற ஒரு பழைய வழக்கைச் சொல்கிறேன். திருடனின் குடும்பம், அவனுடைய தெரு இரண்டையும் இவ்வளவு தெளிவாகக் காட்டும் வேறு வழக்கை நான் படித்ததில்லை.

1877-ல் தெற்கு லண்டனில் பெக்கம் என்ற புறநகருக்கு மிஸ்டர் தாம்சன் என்று ஒருவர் குடிவந்தார். எவலினா சாலை, ஈஸ்ட் டெரஸ், 5-ம் எண் வீடு. வருட வாடகை 30 பவுண்ட். 'உங்களைத் தெரிந்தவர்கள் யார், நற்சான்று கொடுங்கள்' என்று வீட்டு ஏஜென்ட் கேட்டபோது, தாம்சன் அவரை அப்போது தான் கிரீனிச்சில் இருந்த வீட்டுக்கு விருந்துக்கு அழைத்தார். சாப்பிட்டு முடித்த ஏஜென்ட் அதற்கு மேல் ஒன்றும் கேட்கவில்லை, வீட்டைக் கொடுத்துவிட்டார். கூடத்தில் வால்நட் மர நாற்காலிகள், துருக்கிக் கம்பளம், பியானோ. பின்னால் ஒரு மட்டக்குதிரையும் வண்டியும். நாய், பூனை, கிளி, ஆடு என்று வீடு நிறைய வளர்ப்புப் பிராணிகள். தாம்சன் வயலின் நன்றாக வாசிப்பார், மாலையில் அக்கம்பக்கத்தவர்களை அழைத்து வாசித்துக் காட்டுவார். ஞாயிற்றுக்கிழமை மாலையில் தேவாலயத்துக்குப் போவார். பிரையன் என்ற நண்பரோடு சேர்ந்து, மூழ்கிய கப்பலைக் காற்றடைத்து மேலே தூக்கும் முறைக்குக் காப்புரிமைகூட வாங்கினார். சொந்தப் பணத்தில் வாழும், ஏதாவது கண்டுபிடித்துக்கொண்டிருக்கும் மனிதர் என்று தெரு நினைத்தது.

அவர் உண்மையில் சார்ல்ஸ் பீஸ். 1832-ல் ஷெஃபீல்டில் பிறந்தவர். வீடு புகுந்து திருடியதற்காக 1850-களிலிருந்து பலமுறை சிறைக்குப் போய் 1872-ல் வெளியே வந்தவர். பெக்கமுக்கு வரும்போது கொலைக் குற்றத்துக்காகத் தேடப்பட்டுக்கொண்டிருந்தார், தலைக்கு 100 பவுண்ட் வெகுமதி. நரைமுடியைக் கருப்பாக்கி, வால்நட் சாறு பூசித் தோல் நிறத்தை மாற்றி, கண்ணாடி மாட்டியிருந்தார். வயலின் பெட்டிக்குள் திருட்டுக் கருவிகள் இருந்தன. ராத்திரியில் தென் லண்டனின் வசதியான வீடுகளுக்குள் புகுவார். 1878 அக்டோபர் 10 விடியற்காலை 2 மணிக்கு, பிளாக்ஹீத்தில் ஒரு வீட்டில் விளக்கு வெளிச்சம் நகர்வதைக் கவனித்த எட்வர்ட் ராபின்சன் என்ற காவலர், கையில் குண்டு பாய்ந்த பிறகும் விடாமல் பிடித்துக்கொண்டதால்தான் அகப்பட்டார். அப்போதும் ஜான் வார்ட் என்று பொய்ப்பெயரைத்தான் சொன்னார். நீதிமன்றம் அவருக்கு ஆயுள் தண்டனை கொடுத்தது.

இப்போது அந்த வீட்டுக்குள் வாருங்கள். தாம்சனோடு கூடத்தில் உட்கார்ந்திருந்த 'மிஸஸ் தாம்சன்' அவர் மனைவி அல்ல, நாட்டிங்ஹாமில் பழக்கமான சூசன் என்ற பெண். கீழே நிலவறைப் பகுதியில், முதல் கணவருக்குப் பிறந்த மகன் வில்லியோடு குடியிருந்த 'மிஸஸ் வார்ட்' என்பவர்தான் முறைப்படி மணந்த மனைவி ஹன்னா. சூசனுக்குக் குடிப்பழக்கம் இருந்தது. போதையில் எதையாவது உளறிவிடுவாளோ என்று பீஸுக்கு எப்போதும் பயம். அதனால் அவள் வெளியே போனால் ஹன்னாவோ வில்லியோ பின்னாலேயே போவார்கள். ஒருவரையொருவர் பிடிக்காத இரண்டு பெண்கள், ஒருத்தியைக் காவல் காக்க இன்னொருத்தி. மேலே வயலின் சத்தம் கேட்டுக்கொண்டிருந்த தெருவுக்கு இது எதுவும் தெரியாது. உள்ளே இருந்தவர்களுக்குக் கட்டாயம் தெரியும். ஹன்னா 1859-லேயே பீஸை மணந்தவர். அவர் இரண்டு முறை நீண்டகாலம் சிறைக்குப் போனதை வெளியிலிருந்து பார்த்தவர்.

ஆனாலும் சட்டம் ஹன்னாவை விட்டுவிட்டது. திருட்டுப் பொருளை வைத்திருந்ததாக 1879 ஜனவரியில் அவர் மேல் லண்டன் ஓல்டு பெய்லி நீதிமன்றத்தில் வழக்கு நடந்தது. கணவனின் வற்புறுத்தலால் செய்தார் என்ற அடிப்படையில் விடுதலை ஆனார். கணவன் கூட இருக்கும்போது மனைவி செய்தது அவன் கட்டாயத்தால்தான் என்று அனுமானிக்கிற விதி அன்றைய ஆங்கிலச் சட்டத்தில் இருந்தது. அந்த அனுமானத்தை 1925-ல் எடுத்தார்கள். மிச்சம் இருந்த தற்காப்பையும் 2014-ல் முழுதாக நீக்கினார்கள். நம் நாட்டுச் சட்டத்தில் அப்படி ஒரு சலுகை இல்லை. மிரட்டலுக்குப் பயந்து செய்தேன் என்று சொல்வதானால், அந்த இடத்திலேயே உயிர் போகும் என்கிற அளவு மிரட்டலாக இருக்க வேண்டும். அதாவது நம் ஊரில் ஒரு மனைவி, "அவர் சொன்னார், செய்தேன்" என்று சொல்லித் தப்ப முடியாது. "எனக்குத் தெரியாது" என்பது ஒன்றுதான் அவருக்கு மிஞ்சுகிறது. அது உண்மையாக இருக்கலாம், பொய்யாகவும் இருக்கலாம். கோர்ட் வராந்தாவில் இந்த ஒரு வாக்கியத்தை நான் எத்தனை பேர் வாயால் கேட்டிருக்கிறேன் என்று கணக்கில்லை.

சரி, நான் பார்த்த வீடுகளுக்கு வருகிறேன். தெரியும், தெரியாது என்று இரண்டே பதிலில் அடங்கியதை நான் அதிகம் பார்த்ததில்லை. கேட்காமல் விட்டது என்று ஒன்று நடுவில் இருக்கிறது. பெரும்பாலான மனைவிகள் அங்கேதான் இருக்கிறார்கள். ஏ.சி. மெக்கானிக் என்ற வேலையையே எடுத்துக்கொள்ளுங்கள். நேரம் கெட்ட நேரத்தில் போன் வரும், கிளம்புவார். ஸ்க்ரூடிரைவர், ஸ்பேனர், கட்டர் எல்லாம் பையில் இருப்பது இயல்பு. ஒரு மாதம் கையில் காசு புரளும், ஒரு மாதம் இருக்காது. அதற்கும் 'இது சீசன், இது சீசன் இல்லை' என்று பதில் இருக்கிறது. நம் வீடுகளில் கணவனின் வருமானம் எவ்வளவு என்று தெரியாத மனைவிகள் எத்தனை பேர்! "உனக்கு என்ன குறை வச்சேன்?" என்ற ஒரு கேள்வியில் அவளுடைய கேள்வி முடிந்துவிடும். யோக்கியமான வீட்டிலும் இதே பேச்சுதான் நடக்கிறது. அதனால் அதை வைத்து அவளுக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும் என்று என்னால் சொல்ல முடியாது.

அவர்கள் வீட்டில் இரவில் சண்டைச் சத்தம் கேட்கும், வேறு ஏதோ பெண் விவகாரம் என்று தெருவில் பேசிக்கொண்டோம் என்று எழுதியிருக்கிறீர்கள். இது நான் பலமுறை பார்த்தது. ராத்திரி போனவர் போனை அணைத்து வைக்கிறார், விடிந்து வருகிறார், எங்கே போனீர்கள் என்றால் எரிந்து விழுகிறார். மனைவிக்கு முதலில் வரும் சந்தேகம் சின்ன வீடு, திருட்டு அல்ல. மாதக்கணக்கில் அந்தச் சந்தேகத்தோடு சண்டை போட்டிருப்பாள். அவரும் அதை மறுக்காமல் அப்படியே நினைக்கட்டும் என்று விட்டுவிடுவார், அவருக்கு அது வசதி. ஒரு அம்மா கைதுச் செய்தி கேட்டதும் என்னிடம் முதலில் கேட்டது, "அப்ப வேற பொண்ணு யாரும் இல்லையா சார்?" என்றுதான். கேட்ட பிறகுதான் அழுதார். அந்தக் கேள்வியை யாரும் சொல்லிக்கொடுத்து நடிக்க வைக்க முடியாது என்று எனக்குத் தோன்றியது. இதைச் சாட்சியமாக நான் சொல்லவில்லை, என் மனதில் பட்டதைச் சொல்கிறேன்.

இன்னொருவர். ஊர், உறவு எல்லாம் மாற்றித்தான் சொல்கிறேன். கணவர் ரிமாண்டுக்குப் போன நாலாம் நாள் என் ஆபீஸுக்கு வந்தார். கழுத்தில் மஞ்சள் கயிறு மட்டும்தான். தாலிச் சங்கிலியைப் போலீஸ் ரெகவரியில் எடுத்துப்போயிருந்தார்கள், அது வேறு யாரோ ஒருவருடைய சங்கிலி. கையில் ஒரு ஜவுளிக்கடைப் பை. அதிலிருந்து தினத்தாளில் சுற்றிய ஒரு ஜோடி வெள்ளிக் கொலுசை எடுத்து மேஜை மேல் வைத்தார். குழந்தைக்குப் போடுகிற அளவு. ஒரு கொலுசில் இரண்டு முத்து உதிர்ந்திருந்தது. "இது என் பொண்ணு முதல் பிறந்தநாளுக்கு அவர் வாங்கினது. இதுவும் அப்படி வந்ததா சார்? அப்படின்னா குழந்தை கால்ல போட மாட்டேன்" என்றார். எனக்குப் பதில் தெரியவில்லை. அவர் கணவரிடம் கேட்டிருந்தாலும் உண்மை வந்திருக்காது. அப்புறம் வீட்டில் இருக்கிற குக்கர், மிக்ஸி, கட்டில் ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே போனார். எது தன்னுடையது என்றே அவருக்குத் தெரியவில்லை. அந்தக் கொலுசு வழக்கில் எந்த மகஜரிலும், அதாவது போலீஸ் எழுதும் பறிமுதல் பட்டியலிலும், இல்லை. அவர் அதைத் திரும்பப் பையில் போட்டுக்கொண்டு போனார். அந்தக் குழந்தைக்கு அதற்குப் பிறகு அதைப் போட்டாரா என்று எனக்குத் தெரியாது.

எல்லோரும் இப்படி என்று சொன்னால் அது பொய். நன்றாகத் தெரிந்தே கூட நின்றவர்களையும் பார்த்திருக்கிறேன். மகன் கொண்டுவந்த நகையை நாலு ஊரில் நாலு கடையில் தன் பெயரில் அடகு வைத்த ஒரு தாயார் இருந்தார். ஒவ்வொரு கடையிலும் ஒரு காரணம்: ஒரு இடத்தில் ஆபரேஷன், ஒரு இடத்தில் வளைகாப்பு. தெரியாதவருக்கு இத்தனை காரணம் தேவைப்படாது. வித்தியாசம் இங்கேதான் இருக்கிறது. கூட இருந்தார் என்பதை வைத்து எதுவும் சொல்ல முடியாது. மறைக்க உதவினாரா என்பதைத்தான் பார்க்க வேண்டும். பொய்ப் பெயர், உள்ளூரை விட்டு வெளியூரில் அடகு, பில் இல்லாத நகையை உருக்கியது, போலீஸ் வருவதற்கு முன் பையைப் பக்கத்து வீட்டில் கொடுத்து வைத்தது போன்றவை. வெறும் அடகுச் சீட்டு மனைவி பெயரில் இருக்கிறது என்பது மட்டும் போதாது. நம் ஊரில் அவசரத்துக்கு நகையை எடுத்துக்கொண்டு போய் நிற்பது பெரும்பாலும் மனைவிதான், ஆதாரும் அவருடையதுதான்.

சட்டமும் கிட்டத்தட்ட இதே இடத்தில்தான் கோடு போடுகிறது. திருட்டுப் பொருள் என்று தெரிந்தோ, அப்படி நம்புவதற்குக் காரணம் இருந்தோ, நேர்மையில்லாமல் அதை வாங்கினாலும் வைத்திருந்தாலும் 3 வருடம் வரை தண்டனை. பழைய இந்திய தண்டனைச் சட்டத்தில் 411. 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதாவில் 317(2). 'நம்புவதற்குக் காரணம்' என்றால் லேசான சந்தேகம் அல்ல. அவருடைய நிலையில் இருக்கிற சாதாரண மனிதர் இது திருட்டுப் பொருள்தான் என்று நம்பும் அளவுக்குச் சூழ்நிலை இருக்க வேண்டும். இன்னொரு விஷயம், குற்றவாளிக்கு ஒளிந்துகொள்ள இடம் கொடுப்பது குற்றம். ஆனால் அதில் கணவன் மனைவிக்கு விலக்கு உண்டு, பழைய சட்டத்திலும் உண்டு, புதியதிலும் உண்டு. கட்டியவனுக்குக் கதவைத் திறந்ததற்காக மனைவியைத் தண்டிப்பதில்லை என்று சட்டமே முடிவு செய்திருக்கிறது. அந்த விலக்கு தாயாருக்குக் கிடையாது. அதனால் அந்த வீட்டில் யாராவது ஒரு வக்கீலைப் பார்க்க வேண்டும் என்றால், பாட்டியையும் கூட்டிக்கொண்டு போகச் சொல்லுங்கள்.

உங்கள் தோழி விஷயத்தில் எது உறுதி, எது ஊகம் என்று பிரித்துச் சொல்கிறேன். ஒரு மாதமாகியும் அவரைப் போலீஸ் வழக்கில் சேர்க்கவில்லை என்பது, இதுவரை அவர் கையிலிருந்தோ அவர் பெயரிலிருந்தோ வலுவாக எதுவும் கிடைக்கவில்லை என்பதற்கு நல்ல அறிகுறி. குற்றப்பத்திரிகை போடும் வரை அது மாறலாம். அவருக்கு முழு விவரமும் தெரிந்திருந்தது என்று சொல்ல நீங்கள் எழுதியதில் ஒன்றும் இல்லை. எதுவுமே உறுத்தியிருக்காது என்றும் என்னால் சொல்ல முடியாது. சில இரவுகளில் ஏதோ சரியில்லை என்று பட்டிருக்கும், அதற்கு அவர் ஒரு காரணத்தைத் தானே சொல்லிக்கொண்டு தூங்கியிருப்பார். உங்களிடம் சிரித்துப் பேசியது, குழம்பு வாங்கிப்போனது, உங்கள் மாமியாருக்காக அழுதது எல்லாம் நடிப்பாக இருந்திருக்க வேண்டிய அவசியமே இல்லை. ஏன், அவர் கணவர் உங்கள் மாமியாரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனதுகூட நடிப்பு இல்லை என்றே நினைக்கிறேன். திருடுகிற மனிதருக்குப் பக்கத்து வீட்டுக் கிழவி மேல் பாசம் இருக்கக் கூடாதா? நான் ஆஜரானவர்களில் பலர் நல்ல அப்பாக்கள். அதனால் அவர்கள் செய்த திருட்டின் கனம் குறைந்துவிடாது. ஆனால் ஒன்று பொய்யானதால் இன்னொன்றும் பொய்யாகத்தான் இருக்க வேண்டும் என்று நான் நம்பவில்லை.

தெருவில் இப்போது "எனக்கு அப்பவே தெரியும்" என்று சொல்கிறவர்களைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். அவர்கள் பொய் சொல்லவில்லை, ஆனால் அந்த நினைவுக்கு மதிப்பும் கிடையாது. கைதுக்குப் பிறகு பழைய காட்சிகளெல்லாம் வேறு அர்த்தத்தில் தெரிய ஆரம்பிக்கும். சாட்சிக் கூண்டில் குறுக்கு விசாரணை செய்யும்போது, "அப்போதே ஏன் யாரிடமும் சொல்லவில்லை?" என்று கேட்டால் பெரும்பாலும் பதில் வராது. இந்த இடத்தில் பீஸின் கதைக்குத் திரும்ப வேண்டும், ஏனென்றால் அதன் மிக மோசமான பகுதியை நான் இன்னும் சொல்லவில்லை.

பெக்கமுக்கு வருவதற்கு முன்பு, ஷெஃபீல்டை ஒட்டிய டார்னல் என்ற இடத்தில் பீஸ் படத்துக்குச் சட்டம் போடும் தொழிலாளியாக இருந்தார். ஓரிரு வீடு தள்ளி ஆர்தர் டைசன் என்ற பொறியாளரும் அவர் மனைவி கேத்தரினும் இருந்தார்கள். பீஸ் அந்தப் பெண்ணை விடாமல் தொந்தரவு செய்தார். தங்களுக்குள் உறவு இருந்தது என்று பீஸ் சொன்னார், கேத்தரின் கடைசிவரை மறுத்தார். 1876 ஜூனில், 'என் குடும்ப விஷயத்தில் தலையிட வேண்டாம்' என்று ஒரு அட்டையில் எழுதி பீஸின் வீட்டு முற்றத்தில் எறிந்தார் டைசன். அடுத்த மாதமே பீஸ் துப்பாக்கியைக் காட்டி மிரட்ட, வழக்கானது, பீஸ் குடும்பத்தோடு ஹல் நகருக்கு ஓடினார். டார்னலில் எல்லோருக்கும் அவர் கெட்டவர் என்று தெரியும், ஆனால் அது பெண் தகராறு என்ற அளவில்தான். ஆகஸ்ட் 1-ம் தேதி இரவு மான்செஸ்டரில் வேலி ரேஞ்ச் என்ற புறநகரில் திருடப் போனவர், எதிர்ப்பட்ட நிக்கோலஸ் காக் என்ற இளம் காவலரைச் சுட்டுக் கொன்றார். போலீஸ் அவரைத் தேடவில்லை. அந்தப் பகுதியில் நாற்றுப்பண்ணையில் கூலி வேலை செய்த ஐரிஷ் சகோதரர்கள், ஹேப்ரன் என்ற குடும்பத்துப் பையன்கள், காக்கோடு தகராறில் இருந்தார்கள். குடித்துவிட்டுக் கலாட்டா செய்ததாகக் காக் அவர்கள் மேல் வழக்குப் போட்டிருந்தார். 'பார்த்துக்கொள்கிறோம்' என்று அவர்கள் மிரட்டியதைக் கேட்டவர்கள் இருந்தார்கள். பூட்ஸ் தடம் ஒத்துப்போகிறது என்றார்கள். நவம்பர் 28-ல் வில்லியம் ஹேப்ரனுக்கு மரண தண்டனை விதித்தார்கள். இருபது வயதுகூட ஆகாத பையன்.

அந்த வழக்கு நடந்தபோது பீஸ் கோர்ட்டில் பார்வையாளர்களோடு உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார். மறுநாள் ஷெஃபீல்டுக்குப் போய் டைசனைச் சுட்டுக் கொன்றார். வில்லியமின் தூக்கு டிசம்பரில் ஆயுள் தண்டனையாகக் குறைக்கப்பட்டது. பீஸ் பெக்கமில் வயலின் வாசித்துக்கொண்டிருந்த காலம் முழுவதும் அந்தப் பையன் சிறையில் இருந்தான். 1879 பிப்ரவரியில், டைசன் கொலைக்காக விதிக்கப்பட்ட தூக்குக்குச் சில நாள் முன்பு, டார்னல் பாதிரியாரிடம் பீஸ் உண்மையைச் சொன்ன பிறகுதான் வில்லியமுக்கு விடுதலை கிடைத்தது. 800 பவுண்ட் இழப்பீடும் கொடுத்தார்கள். பிப்ரவரி 25-ல் லீட்ஸ் சிறையில் பீஸ் தூக்கிலிடப்பட்டார்.

இதை இவ்வளவு நீட்டியதற்குக் காரணம், உங்கள் கேள்வியில் நீங்கள் போகிற போக்கில் எழுதிய ஒரு வரி. 2 வருடத்துக்கு முன்பு உங்கள் தெருவிலேயே ஒரு வீட்டில் 14 பவுன் போனது, அப்போது அங்கே வேலை செய்த அம்மாவைச் சந்தேகப்பட்டு ஸ்டேஷனில் விசாரித்தார்கள், அதோடு தெருவில் எல்லோரும் அவரை நிறுத்திவிட்டோம் என்று எழுதியிருக்கிறீர்கள். அவர் ஏற்கெனவே அந்த வீட்டில் சம்பளத் தகராறு செய்திருந்தார் என்றும் சொல்கிறீர்கள். படித்ததும் எனக்கு வில்லியம் ஹேப்ரன்தான் நினைவுக்கு வந்தான். தகராறு செய்தவர் என்பதும் வீட்டுச் சாவி அவரிடம் இருந்தது என்பதும் தவிர அவருக்கு எதிராக வேறு என்ன இருந்தது? நீங்கள் எழுதியதில் எதுவும் இல்லை. ஆறு வருடத்தில் எதிர்வீட்டுக்காரர் மேல் ஒருவருக்கும் சந்தேகம் வரவில்லை, அவர் யாரோடும் தகராறு செய்யவில்லை, கார் வைத்திருந்தார். எதிர்வீட்டு அம்மாவுக்குத் தெரியுமா தெரியாதா என்று தெருவே பேசிக்கொண்டிருக்கிற இந்த ஒரு மாதத்தில், வேலைக்கு வந்த அந்த அம்மாவின் வீட்டுக்கு யாராவது போனீர்களா?

அந்த 14 பவுனையும் எதிர்வீட்டுக்காரர்தான் எடுத்தார் என்று நான் சொல்லவில்லை. குடியிருக்கிற தெருவில் கை வைக்காமல் இருப்பதுதான் அனுபவமுள்ள திருடர்களின் வழக்கம், விதிவிலக்கும் பார்த்திருக்கிறேன். பேப்பரில் '11 வீடுகளில் திருடியதை ஒப்புக்கொண்டார்' என்று வந்ததையும் அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். போலீஸிடம் கொடுக்கிற வாக்குமூலம் கோர்ட்டில் செல்லாது. அதை வைத்துப் பொருள் கண்டெடுக்கப்பட்டால் அந்தப் பகுதி மட்டும்தான் செல்லும். துப்புக் கிடைக்காத பழைய வழக்குகளைப் பிடிபட்ட ஒருவர் தலையில் கட்டுவதும் நடக்கிறது, அதை எதிர்த்து நான் வாதாடியிருக்கிறேன். ஆனால் தெரிந்துகொள்ள வழி இருக்கிறது. நகை பறிகொடுத்த வீட்டுக்காரர் பழைய எஃப்.ஐ.ஆர். நம்பரோடு ஸ்டேஷனுக்குப் போய், இந்த 11-ல் தன் வழக்கு சேர்ந்திருக்கிறதா, ரெகவரியான நகைகளில் தன்னுடையது இருக்கிறதா என்று கேட்கலாம். அவருக்கு அதைக் கேட்க முழு உரிமை உண்டு. நகை கிடைத்திருந்தால் மாஜிஸ்திரேட் கோர்ட்டில் மனு போட்டு இடைக்காலமாகத் திரும்ப வாங்கலாம். அப்படி ஒன்று தெரியவந்தால், அன்றே யாராவது வேலை செய்த அந்த அம்மாவிடம் நேரில் போய்ச் சொல்லுங்கள், போனில் வேண்டாம். அந்த வீட்டுக்காரரின் நகை அதில் இல்லை என்று தெரியவந்தாலும் போக வேண்டும் என்பது என் கருத்து.

காலி செய்யச் சொல்வதைப் பற்றி: குடியிருப்போர் சங்கத்துக்கு அந்த அதிகாரம் கிடையாது. வீட்டு உரிமையாளர் வேண்டுமானால் சட்டப்படி நோட்டீஸ் கொடுத்து, அதற்குரிய வழியில்தான் செய்ய முடியும். தண்ணீரை நிறுத்துவது, பூட்டுப் போடுவது எல்லாம் அவர் மேலேயே வழக்கைக் கொண்டுவரும். பொதுத்தேர்வு முடியும் வரையாவது பொறுக்கச் சொல்லிச் சங்கத்தில் நீங்கள் ஒருவர் பேசினாலே வித்தியாசம் இருக்கும்.

உங்களுக்கு ஒரு எச்சரிக்கை மட்டும். எதிர்வீட்டு அம்மா எவ்வளவு கெஞ்சினாலும் பையோ, டப்பாவோ, நகையோ, பூட்டிய பெட்டியோ எதையும் வாங்கி உங்கள் வீட்டில் வைக்காதீர்கள். அவர் நல்ல மனதோடு கொடுத்தாலும் அது எங்கிருந்து வந்தது என்று அவருக்கே தெரியாமல் இருக்கலாம். அவரோடு போனில் பேசுவது, ஜாமீன் விஷயமாகக் கோர்ட்டுக்குக் கூடப் போவது, கையில் இருப்பதைக் கடனாகக் கொடுப்பது எதுவும் குற்றமில்லை. தன் மகள் ராத்திரி உங்கள் வீட்டுக்கு வந்து படிக்கலாமா என்று அவர் கேட்டதாகவும், வீட்டில் யோசிக்கிறார்கள் என்றும் எழுதியிருந்தீர்கள். சட்டப்படி இதில் யோசிக்க எதுவும் இல்லை. புத்தகப் பையோடு வரச் சொல்லுங்கள்.